வளைவு வேண்டாம், ஆய்வுகூடத் திறப்பைத் தாருங்கள்

எமது பாடசாலையின் பழைய மாணவர் சங்க நிர்வாகக் குழுவினருக்கும் புலம்பெயர் நாட்டுக் கிளைகளின் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

பெரியப்பாவின் நினைவாகப் பாடசாலை வாசலில் ஒரு வளைவும், அதன் பக்கத்தில் மார்பளவுச் சிலையும், சிலைக்குக் கீழே கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தும் வைப்பதென்று நீங்கள் எடுத்த தீர்மானம் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. கல்லில் பொறிக்கவிருக்கும் வாசகத்தையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தீர்கள். நன்றி. பெரியம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இது யாரைப் பற்றியது?" என்று கேட்டார். தனிப்பட்ட முறையில் செயலாளருக்கு எழுதியிருக்கலாம். ஆனால் இதற்குப் பணம் தந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களும் அறியவேண்டிய விடயம் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசகம். "நாசா புகழ் விண்வெளி விஞ்ஞானி, வன்னி மண் ஈன்ற அப்துல் கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா நாசாவின் வாசற்படியை மிதித்ததில்லை. ராக்கெட் எதையும் ஏவியதில்லை. 1946 இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்தார். பேராதனையில் பொறியியல் படித்தார். இங்கிலாந்தின் டார்பி நகரில், விமான இயந்திரங்கள் செய்யும் ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றார். கலாமோடு ஒப்பிடுவதை அவர் காதுபடச் சொல்லியிருந்தால் கூச்சத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போயிருப்பார். அவர் செய்த வேலைக்குப் புகழ் வருவதில்லை. அதைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. விமானம் இறங்கும், ஆட்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்த காலம் விசித்திரமானது. ஆர்பி211 என்ற புதிய இயந்திரத்துக்காக அந்த நிறுவனம் தன் பணத்தையெல்லாம் கொட்டியிருந்தது. எடையைக் குறைப்பதற்காக முன்விசிறியின் தகடுகளைக் காபன் நாரால் செய்து பார்த்தார்கள். பறவை வந்து மோதினால் தாங்குமா என்று கோழியை அதற்குள் வீசிச் சோதித்தபோது தகடுகள் நொறுங்கின. கடைசியில் தைட்டேனியத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1971 பெப்ரவரியில் நிறுவனம் முறிந்தது, பிரித்தானிய அரசு பொறுப்பெடுத்தது. அதற்கு அடுத்த வருடம் பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தார். "முறிந்த கடையில்தான் இனிமேல் கணக்கை ஒழுங்காகப் பார்ப்பார்கள்" என்று என் அப்பாவுக்கு எழுதிய கடிதம் எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது. அதே இயந்திரம்தான் பின்னர் ட்ரைஸ்டார் விமானங்களைத் தூக்கிச் சென்றது. எயார் லங்காவிடமும் ட்ரைஸ்டார்கள் இருந்தன. ஊருக்கு வரும்போது அதில் இடம் கிடைத்தால், சிறகுப்பக்க யன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் வருவாராம். அந்தப் பயணங்களில் தன்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்பது பெரியம்மாவின் ஆறாத குறை.

அவருடைய பகுதி, இயந்திரத்தின் நடுவில் சுழலும் வட்டுகள். தகடுகள் அந்த வட்டின் விளிம்பில்தான் கோக்கப்பட்டிருக்கும். விசிறித் தகடு ஒன்று உடைந்தால் வெளியுறை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் உறையைச் செய்கிறார்கள், ஓடும் இயந்திரத்தில் வேண்டுமென்றே ஒரு தகட்டை உடைத்துச் சோதித்தும் பார்க்கிறார்கள். வட்டு உடைந்தால் எந்த உறையாலும் பிடிக்க முடியாது. ஆகவே அது உடையவே கூடாது. விமானம் ஒரு தடவை ஏறி இறங்குவது வட்டுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் இழுபட்டுத் தளர்கிறது. எத்தனை ஆயிரம் சுற்றுக்குப் பிறகு நுண்ணிய வெடிப்பொன்று தொடங்கலாம் என்று கணக்கிட்டு, அதற்கு முன்பாகவே ஓர் எல்லை போடுவார்கள். எல்லை வந்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும். அதில் வெடிப்பு எதுவும் தென்படாவிட்டாலும், நேற்று வாங்கியதுபோல் மின்னினாலும், கழற்றத்தான் வேண்டும். அந்த எல்லையைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் பெரியப்பா.

ஊரில் வந்து தங்கும் மாதங்களில் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் அடிக்கடி சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1989 ஜூலை 19 இல் அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் இயந்திரத்தில் இருந்த விசிறி வட்டு பறப்பின் நடுவில் பிளந்தது. துண்டுகள் பறந்துபோய் விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் அத்தனையையும் அறுத்துவிட்டன. விமானிகள் மிச்சமிருந்த இரண்டு இயந்திரங்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து அதைச் சியூ சிற்றி என்ற ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அது பெரியப்பாவின் நிறுவனம் செய்த இயந்திரம் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். வட்டுக்கான உலோகத்தை உருக்கி வார்த்த காலத்திலேயே தைட்டேனியத்துக்குள் ஒரு குறை இருந்திருக்கிறது. அதிலிருந்து வெடிப்பு வருடக்கணக்காக வளர்ந்திருக்கிறது. கடைசிச் சோதனையின்போதே கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு அது வளர்ந்திருந்தது என்பது விசாரணையின் முடிவு. வட்டில் ஒளிரும் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, இருட்டறையில் ஊதா கடந்த ஒளியில் பார்ப்பார்கள். வெடிப்பு இருந்தால் மஞ்சள் பச்சையாக ஒரு கோடு ஒளிரும். அந்தக் கோட்டை ஒரு மனிதரின் கண் தவறவிட்டது.

"அந்த ஆளுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அன்றைக்கு அவர் எத்தனை மணிநேரம் வேலை செய்திருந்தார், வட்டை எப்படித் தொங்கவிட்டிருந்தார்கள், யாராவது அவரை அவசரப்படுத்தினார்களா, இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தண்டனைக்கு வா பிள்ளை" என்றார் பெரியப்பா. நான் பதினெட்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். பிழைவிட்ட பிள்ளையிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை அன்றைக்குத்தான் ஒருவர் எனக்குச் சொன்னார்.

இந்தப் புத்தி அவருக்கு டார்பியில் வந்ததில்லை. அவருடைய அப்பா, எங்கள் அப்பப்பா, குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். மாரி தொடங்கினால் மகனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் குளக்கட்டின் அடிவாரம் நெடுக நடப்பாராம். எலி வளை, கறையான் புற்று, கட்டில் முளைத்த மரத்தின் வேர், எல்லாவற்றையும் பார்ப்பார். கட்டுக்கு வெளியே ஈரம் கண்டால் குனிந்து தண்ணீரைக் கையில் ஏந்துவார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பார்த்துக்கொண்டிரு, கலங்கிய தண்ணீர் வந்தால் ஊரைக் கூப்பிடு. கலங்கல் என்றால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், விட்டால் விடியுமுன் கட்டு போய்விடும். பெரியப்பா தன் வேலையைப் பற்றி விளக்கும்போதெல்லாம் இந்தக் கட்டில்தான் தொடங்குவார். 2018 டிசம்பரில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் கிடந்தபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு. குடையையும் டோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு கமக்காரர் அமைப்பின் பொடியன்களோடு கட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் பெரியம்மா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

இன்னொரு விடயம். உங்கள் வாசகத்தில் "வானை வென்றவர்" என்றும் ஒரு வரி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து எழுதியவர்களுக்கு அது அழகாகத் தெரிந்திருக்கலாம். இங்கே கிபிர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் கொப்பியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாயப் பழகியவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் இப்போது இந்தப் பாடசாலையில் படிக்கிறார்கள். ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. வென்ற வானம் எது என்று அந்தப் பெற்றோர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெரியப்பாவிடம் அது கேட்கப்பட்டது. போர் முடிந்து சில வருடத்தில், அவர் முதன்முதலாக வகுப்புக்கு வந்த நாட்களில், பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சேர், கிபிருக்கும் நீங்களா எஞ்சின் செய்தீர்கள்?" என்றான். அவனுடைய தாயும் தம்பியும் எப்படி இறந்தார்கள் என்பது அந்த வகுப்பில் பெரியப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர் கரும்பலகைக்குத் திரும்பி எழுதினார்: கிபிரில் இருப்பது ஜே79, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் வடிவமைத்தது. மிக்-27 இல் இருப்பது சோவியத் இயந்திரம். எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "என்னுடைய கம்பனியும் போர் விமானங்களுக்கு இயந்திரம் செய்கிறது. நான் பயணிகள் விமானப் பகுதியில் இருந்தேன். அதனால் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வரவில்லை. நான் போட்ட கணக்கின் முறை அங்கும் பயன்படும்" என்றார். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை. தொண்ணூறுகளில் போர் விமானப் பகுதிக்கு மாறும்படி கேட்டார்கள், சம்பளமும் கூட, இவர் மறுத்துவிட்டார் என்பதைப் பெரியம்மா பிறகு ஒருநாள் சமையலுக்கிடையே சொன்னார். வகுப்பில் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். கேள்வி கேட்ட பையன் இப்போது வவுனியாவில் தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை செய்கிறான். செத்தவீட்டுக்கு வந்து பாடை தூக்கினான்.

குடும்பத்தைப் பற்றி உங்கள் வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. எழுதவேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம். பெரியம்மா தாதியாக இரவுப் பணி செய்தவர். காலையில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டது பெரியப்பா. இரண்டு பின்னலும் ஒரே நீளத்துக்கு வராவிட்டால் அவிழ்த்து மறுபடி பின்னுவாராம். பாடசாலைக்குப் பிந்திப்போனதற்கெல்லாம் அக்காமார் இன்றும் அந்தப் பின்னலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவர்களைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போய், வெளியே காருக்குள் இருந்து தங்கை தம்பிமாருக்குக் கடிதம் எழுதுவார்.

அந்தக் கடிதங்கள்! ஒவ்வொன்றின் வலது மூலையிலும் ஓர் இலக்கம் இருக்கும். தொண்ணூறுகளில் வன்னிக்குத் தபால் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. சிலவேளை வவுனியாவில் யாரிடமாவது கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, பொருளாதாரத் தடையைத் தாண்டி மாதங்கள் கழித்து வந்து சேரும். 61 க்குப் பிறகு 64 வந்தால் நடுவில் இரண்டு தொலைந்தன என்று நாங்கள் எழுதுவோம். அவர் காபன் தாள் வைத்து எழுதிய பிரதியில் இருந்து அந்த இரண்டையும் மறுபடி அனுப்புவார். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அங்கே பனி, மூத்தவளுக்குக் காய்ச்சல், மாமரத்துக்குப் பசளை போட்டீர்களா. 2009 இல் எங்களிடம் இருந்த கடிதங்கள் அத்தனையும் வீட்டோடு போயின. செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அப்பா அதை அவருக்கு அறிவித்தார். நாங்கள் ஊருக்குத் திரும்பியபின் பெரியப்பா ஒரு பெட்டி கொண்டுவந்தார். இலக்கம் ஒன்றில் இருந்து எல்லாவற்றின் பிரதியும் இருந்தது.

அவர் எல்லாம் அறிந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். வந்த புதிதில் எங்கள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றுவிட்டது. பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டு அரைநாள் அதோடு மல்லுக்கட்டினார், முடியவில்லை. சந்தியில் கராஜ் வைத்திருப்பவர் வந்து, காதை வைத்துக் கேட்டு, ஒரு குழாயை ஊதிவிட்டு ஓடவைத்தார். அன்று தொடங்கிய சிநேகிதம். தடைக்காலத்தில் சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நுட்பத்தை அந்த மனிதர் சொல்லச் சொல்ல, பெரியப்பா கொப்பியில் படம் கீறி எழுதிவைத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவரிடம் ரோல்ஸ் ரொய்ஸ் பொறியியலாளர் வாங்குப்பலகையில் இருந்து பாடம் கேட்டதை ஊரே பார்த்தது. உங்கள் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். கராஜுக்கும் ஒருதடவை போய் வாருங்கள்.

இனி வளைவுக்கு வருகிறேன். போருக்குப் பிறகு வன்னியில் திறந்துவைக்கப்பட்ட கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஏ9 வீதியில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெயர்க்கல் இருக்கும். யார் கட்டியது, யார் நாடா வெட்டியது, எந்தத் திகதி. அடுத்த வருடம் கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது என்று எந்தக் கல்லிலும் இல்லை. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடமும் அப்படி வந்ததுதான். நல்ல கட்டடம், நல்ல உபகரணங்கள். அலுமாரித் திறப்பு ஒருவரிடம், அறைத் திறப்பு இன்னொருவரிடம், ஏதாவது உடைந்தால் தன் தலையில் விழுமே என்ற பயம் எல்லோரிடமும். பெரியப்பா கேட்டுக் கெஞ்சித் திறக்கவைத்தபோது நுணுக்குக்காட்டிகளின் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. தராசுகள் உறை பிரிக்காமலே துருப்பிடித்திருந்தன. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உபகரணம் வாங்க ஒரு தலைப்பில் பணம் வரும், அதைத் துடைத்து வைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பிலும் வராது. சியூ சிற்றிப் பாடத்தை நடத்தியவரின் பெறாமகள் நான், முறையைத்தான் கேட்பேன்.

ஊரில் இருந்த மாதங்களில் புதன்கிழமை தோறும் அவர் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒரு பெரிய கொப்பியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம்: எப்போது பார்த்தது, என்ன குறை, யார் திருத்தியது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிள்ளையின் கையொப்பம். அவர் நோயில் விழுந்த பிறகு அதில் யாரும் எழுதவில்லை. நான் கேட்டபோது, அறை மறுபடி பூட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

ஆகவே எங்கள் குடும்பத்தின் வேண்டுகோள் இது. வளைவும் சிலையும் வேண்டாம். சேர்ந்த பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் இடுங்கள். முதல் தொகையில் கை வைக்காதபடி சங்கத்தின் யாப்பில் எழுதுங்கள். வரும் வட்டியில், ஊரில் உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆய்வுகூட உதவியாளராக வையுங்கள். திறப்புகள் அந்தப் பிள்ளையிடமும் அதிபரிடமும் இருக்கட்டும். கண்ணாடிக் குழாய் உடைந்தால் உடைந்ததென்று கொப்பியில் எழுதினால் போதும், யாரும் காசு கட்ட வேண்டியதில்லை என்று ஒரு விதி போடுங்கள். பிள்ளைகள் தொடத் தொடங்குவார்கள். வருடத்தில் ஒருதடவை அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீட மாணவர்களில் சிலரை அழைத்து அந்தக் கொப்பியைச் சரிபார்க்கச் சொல்லலாம். கிளிநொச்சி ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. வங்கி வட்டி குறையும் வருடத்தில் துண்டு விழும் தொகையை அக்காமார் இருவரும் தருவார்கள், எழுத்தில் தரவும் சம்மதித்திருக்கிறார்கள்.

பணம் தந்தவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும், படம் எடுத்து அனுப்ப வளைவுபோல் வேறொன்றும் வராது என்று பொருளாளர் தொலைபேசியில் சொன்னார். உண்மைதான், அவருடைய சங்கடம் எனக்கு விளங்குகிறது. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து மாதாமாதம் அனுப்புங்கள். வாங்கியதை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் சில மாதங்கள் அது அலுப்பாக இருக்கும். பிறகு சூரிச்சில் இருந்து ஒருவர், "மூன்றாம் இலக்கத் தராசை இன்னும் ஏன் திருத்தவில்லை?" என்று கேட்பார். அப்படிக் கேட்பவர்கள்தான் நமக்கு வேண்டும்.

இதற்கு நீங்கள் உடன்படாவிட்டால் வளைவைக் கட்டுங்கள், அது சங்கத்தின் உரிமை. ஆனால் அதில் பெரியப்பாவின் பெயரைப் போட எங்களுக்குச் சம்மதம் இல்லை. பெரியம்மாவின் கையொப்பத்தோடு அதைத் தனியாக அனுப்பியிருக்கிறோம்.

தை மாதப் பொதுக்கூட்டத்துக்குப் பெரியம்மாவும் வருவார். வெளிநாட்டுக் கிளையினர் இணையம் வழியாகக் கலந்துகொள்வதானால் நேரத்தை முன்கூட்டி அறிவியுங்கள், மூத்த அக்காவும் கதைக்க விரும்புகிறார். சிலைக்கு முற்பணம் கொடுத்துவிட்டதாக அறிகிறேன். அதைச் சிற்பியிடம் திருப்பிக் கேட்காதீர்கள், அவருடைய பிழைப்பு அது. பாடசாலை முற்றத்துச் சரஸ்வதியின் வீணை உடைந்து வருடக்கணக்காகிறது. அந்தக் காசுக்கு அதைத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய பெறாமகள்,
கணித ஆசிரியை, ஒட்டுசுட்டான்